பாத்திரத்தின் குற்றமா, ஆளின் குற்றமா?

விபத்து நடந்து முடிந்தபின் வெளிவரும் விசாரணை அறிக்கைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: 'ஊழியரின் கவனக்குறைவே காரணம்.' முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல் இலாகாவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இப்படிப்பட்ட அறிக்கைகளை நிறையவே படித்திருக்கிறேன். அந்த வாக்கியம் பொய் என்று சொல்ல மாட்டேன். பல சமயம் உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அந்த ஊழியர் ஒரு நாள் கவனம் தவறத்தான் செய்வார், அப்போது என்ன ஆகும் என்று இயந்திரத்தை வரைந்தவர் யோசித்தாரா என்ற கேள்வி அந்த ஒரு வரியில் அமுங்கிப் போய்விடுகிறது.

இதை ரயிலை மட்டும் வைத்து எழுதினால் 'பென்ஷன்காரர் பழைய பல்லவி பாடுகிறார்' என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். ஆகவே வேறு ஒரு துறையை எடுத்துக்கொள்கிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் கல்பாக்கத்திலும் டிராம்பேயிலும் தாராப்பூரிலும் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் இதர பிள்ளைகளைப் போலவே அவர்களிலும் டிப்ளமோ படித்தவர்கள் உண்டு. பெற்றோர் கவலையோடு கேட்பது ஒரே கேள்விதான்: 'ரியாக்டர் வெடித்துவிடாதே?' ரியாக்டரைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. அதற்குக் கொல்லைப்புறத்தில் இருக்கும் ஓர் இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் புளூட்டோனியத்தைக் கரைத்து, வடித்து, பிரித்து எடுக்கும் ரசாயனக்கூடம்.

ரியாக்டரில் எரிந்து முடிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதில் உண்டாகியிருக்கும் புளூட்டோனியத்தைத் தனியாக எடுப்பதை மறுபதப்படுத்தல் என்பார்கள். நம் நாட்டில் 1960-களின் நடுவில் டிராம்பேயில் இது தொடங்கியது. பிறகு தாராப்பூர், 1998 முதல் கல்பாக்கம். கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய சிறிய வேக ஈனுலைக்கு ஆரம்பத்தில் போட்ட எரிபொருளில் 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு. அந்த எரிபொருளை மறுபதப்படுத்த 2003 முதல் 'கோரல்' என்ற சிறு கூடம் வேலை செய்தது. 2024 ஜனவரியில் அதைவிடப் பெரிய செயல்விளக்கக் கூடம் ஒன்றும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆக இது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல.

இந்தக் கூடத்தில் உள்ள ஆபத்தை ஆங்கிலத்தில் கிரிட்டிகாலிட்டி என்கிறார்கள். நம் பள்ளிப் புத்தகங்களில் மாறுநிலை என்று போட்டிருக்கும். ஓர் அணு பிளக்கும்போது இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவற்றில் சராசரியாக ஒன்றாவது இன்னோர் அணுவைப் பிளந்துவிட்டால் சங்கிலி அறுபடாமல் ஓட ஆரம்பித்துவிடும். ரியாக்டரில் இதை வேண்டிச் செய்கிறோம். ரசாயனக்கூடத்தில் இது நேரவே கூடாது. நேர்ந்தால் அணுகுண்டு போலக் கட்டிடம் சிதறாது. ஒரு நீல ஒளி பளிச்சிடும். சுவர்கள் அப்படியே நிற்கும். பாத்திரத்தின் அருகே நின்ற ஆள் மட்டும் சில நாளிலோ சில மாதத்திலோ இறந்துபோவார்.

எவ்வளவு புளூட்டோனியம் சேர்ந்தால் இது நடக்கும்? அங்கேதான் விசித்திரம் இருக்கிறது. எவ்வளவு என்பது மட்டும் கணக்கில்லை, எந்த வடிவத்தில் என்பதும் கணக்கு. சூடான காப்பி டம்ளரில் இருந்தால் வெகு நேரம் ஆறுவதில்லை. டபராவில் ஊற்றினால் உடனே ஆறுகிறது. காப்பி அதே காப்பிதான், மேல்பரப்புதான் கூடியிருக்கிறது. நியூட்ரானும் அப்படியே. உருண்டையாகத் திரண்டிருக்கும் பொருளில் நியூட்ரான் வெளியே தப்புவது கடினம். மெலிந்த குழாயிலோ, தட்டையான தொட்டியிலோ அதே பொருள் இருந்தால் அடுத்த அணுவைத் தொடுமுன் நியூட்ரான்களில் பெரும்பகுதி பக்கவாட்டில் ஓடிவிடும்.

இன்னொரு விஷயம் தண்ணீர். தண்ணீர் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கிறது. மெதுவாக வரும் நியூட்ரான் அணுவைச் சுலபமாகப் பிளக்கிறது. வெறும் உலோக உருண்டையாக இருந்தால் சுமார் 10 கிலோ புளூட்டோனியம் வேண்டும். தண்ணீரில் கரைந்திருந்தால் ஏறக்குறைய அரைக் கிலோ போதும். இதில் பயப்படத்தக்க சிக்கனம் ஒன்று இருக்கிறது. கல்பாக்கத்திலேயே 1996-இல் இயங்க ஆரம்பித்த 'காமினி' என்ற சிறிய ஆராய்ச்சி உலையைப் பாருங்கள். அது தண்ணீருக்குள் சுமார் 600 கிராம் யுரேனியம் 233 கொண்டே ஓடும் உலை. வேண்டிச் செய்தால் உலை, வேண்டாமல் வந்தால் விபத்து. அளவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆகவே இந்தக் கூடத்துக்குப் பாத்திரம் வரைபவரின் முதல் வேலை, எந்தப் பாத்திரமும் குண்டாக இல்லாமல் பார்த்துக்கொள்வது. அமெரிக்கத் தர விதியில் புளூட்டோனியம் கரைசலுக்குக் கொடுத்திருக்கும் எல்லை இது: குழாயின் விட்டம் 15.4 சென்டிமீட்டருக்குள், தட்டைத் தொட்டியானால் கனம் 5.5 சென்டிமீட்டருக்குள். அந்தக் குழாய் தனியாக நிற்கும்வரை எத்தனை மீட்டர் உயரமானாலும், கரைசல் எவ்வளவு செறிவானாலும் சங்கிலி ஓடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊழியர் அளந்து பார்க்கத் தவறினாலும் ஓடாது. மின்சாரம் போனாலும், ஷிப்ட் மாறினாலும், மானேஜர் அவசரப்படுத்தினாலும் 15 சென்டிமீட்டர் குழாய் 15 சென்டிமீட்டராகவே இருக்கும்.

சொல்வது சுலபம், செய்வதில் எத்தனை நுணுக்கம் என்பது கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் தெரியும். ஒரு குழாய் பத்திரம் என்றால் பத்துக் குழாய்களை நெருக்கி நிறுத்தலாமா? கூடாது. ஒன்றிலிருந்து தப்பும் நியூட்ரான் பக்கத்துக் குழாயில் புகும். இடைவெளி விட்டு, அந்த இடைவெளி எக்காலமும் மாறாதபடி இரும்புச் சட்டத்தில் பிணைக்க வேண்டும். தட்டைத் தொட்டியின் இரண்டு சுவர்களும் திரவத்தின் பாரத்தால் நடுவில் உப்பிக்கொண்டால் கனம் கூடிவிடும். அதற்குக் குறுக்குத் தாங்கிகள் வேண்டும். தரையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த சிவில் எஞ்சினீயரும் தரைக்கு வாட்டம் கொடுத்து ஒரு மூலையில் குழி வெட்டி, சிந்துவதெல்லாம் அங்கே சேரும்படி செய்வார். அதுதானே நல்ல கட்டுமானம்! இங்கே அந்தக் குழிதான் எமன். சிந்தியது மெல்லிய படலமாகப் பரவும்படித் தரை அகலமாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். காற்றோட்டக் குழாய்களிலும் தூள் தங்கும். அமெரிக்காவில் ராக்கி பிளாட்ஸ் தொழிற்சாலையின் காற்றுக் குழாய்களுக்குள் சுமார் 28 கிலோ புளூட்டோனியம் படிந்திருப்பது 1989-90 வாக்கில் தெரியவந்தது. கருவி வரைந்தவர் கணக்கில் அந்தக் குழாய்கள் காற்றுக்காக மட்டும் இருந்தவை.

வடிவத்தால் முடியாத இடத்தில் போரான் கலந்த கண்ணாடி வளையங்களைத் தொட்டிக்குள் நிரப்புவதுண்டு. போரான் நியூட்ரானை விழுங்கிவிடும். நல்ல வழிதான். ஆனால் கண்ணாடி உடையும், அமிழும், வளையங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று யாராவது அவ்வப்போது பார்க்க வேண்டும். 'யாராவது அவ்வப்போது பார்க்க வேண்டும்' என்று வந்துவிட்டால் சிக்னல்காரன் முகம் சுளிப்பான்.

எங்கள் இலாகாவுக்கு இந்தப் புத்தி 1889-லேயே வந்துவிட்டது. அந்த வருஷம் ஜூன் மாதம் அயர்லாந்தில் ஆர்மா என்ற இடத்துக்கு அருகே உல்லாசப் பயணம் போன குழந்தைகள் நிறைந்த ரயில் விபத்துக்குள்ளாகி எண்பது பேர் அளவில் மாண்டார்கள். அதே வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டு இன்டர்லாக்கிங்கையும் பிளாக் முறையையும் தானியங்கும் பிரேக்கையும் கட்டாயமாக்கியது. பாயின்ட் சரியாக அமையாவிட்டால் சிக்னல் லீவரைப் பீமனே வந்து இழுத்தாலும் அசையாது. சிங்கிள் லைன் பிரிவில் டிரைவர் ஒரு பெரிய வளையத்தை வாங்கிக்கொண்டு போவதைப் பழைய பயணங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள சிறு பைக்குள் ஓர் உருண்டை டோக்கன் இருக்கும். இரண்டு ஸ்டேஷன் பெட்டிகளும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஓர் உருண்டை வெளியே இருக்கும்போது இன்னோர் உருண்டை வராது. ஸ்டேஷன் மாஸ்டர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் வராது. புளூட்டோனியக் கூடத்தின் மெலிந்த குழாயும் எங்கள் உருண்டையும் ஒரே ஜாதி.

இனி நடந்ததைப் பார்ப்போம். 1953 முதல் 1999 வரை உலகத்தில் இத்தகைய கூடங்களில் பதிவான மாறுநிலை விபத்துகள் 22. அவற்றில் 21 கரைசலிலோ கூழிலோ நடந்தவை. இறந்தவர்கள் 9 பேர். ரயில்வே கணக்கில் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றலாம். ஆனால் இறந்த விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அமெரிக்காவில் லாஸ் அலமாஸ், 1958 டிசம்பர் 30. வருஷக் கடைசி என்பதால் இருப்புக் கணக்குக்காகப் பாத்திரங்களைக் கழுவிக் காலி செய்கிறார்கள். கழுவிய கசடுகள் எல்லாம் ஒரு பெரிய தொட்டியில் வந்து சேர்ந்தன. அதன் விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதில் புளூட்டோனியம் அற்பமாகத்தான் இருக்கும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. உண்மையில் கீழே அமிலமும், மேலே எண்ணெய் போல மிதந்த கரைப்பானுமாகப் பிரிந்திருந்தது. அந்த மேல் அடுக்கில் 3.27 கிலோ புளூட்டோனியம் இருந்தது. அடுக்கின் கனம் 20 சென்டிமீட்டர். 21 சென்டிமீட்டர் ஆகியிருந்தால் அப்போதே சங்கிலி ஓடியிருக்கும். 38 வயது ஊழியர் ஒருவர் சிறிய ஏணியில் நின்று கண்ணாடித் துளை வழியாக உள்ளே பார்த்தபடி கலக்கும் மோட்டாரைப் போட்டார். பானையில் மத்தைச் சுழற்றினால் மோர் சுவரோரம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்த அமிலம் அப்படிச் சுவரோரம் ஏறி, மேலிருந்த அடுக்கை நடுவே நெருக்கித் தடிப்பாக்கியது. அந்த ஒரு நொடி போதும். அவர் 36 மணி நேரத்தில் இறந்தார்.

அவர் செய்த குற்றம் சுவிட்சைப் போட்டது. அது அவருடைய வேலை.

எனக்கு இந்த விபத்தில் மிகவும் உறுத்துவது வேறொன்று. சுமார் ஒரு மாதத்துக்கு முன்புதான் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பாதுகாப்புக் குழு இந்தப் பகுதியைப் பார்வையிட்டிருந்தது. அகன்ற தொட்டிகளை எடுத்துவிட்டு 6 அங்குல விட்டமுள்ள நீளக் குழாய்களைப் பொருத்துவது என்று திட்டமும் தயாராக இருந்தது. புதிய சாமான் வந்து பொருத்த ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். ஏழு வருஷத்துக்கு மேல் விதிமுறைகளை வைத்தே சமாளித்தாயிற்று, இன்னும் சில மாதம்தானே என்று விட்டார்கள். விபத்துக்குப் பிறகு கொள்முதல் துரிதமாயிற்று. குழாய்களைப் பொருத்தி முடித்தபின்தான் வேலையை மறுபடி ஆரம்பித்தார்கள். 'இத்தனை வருஷம் ஓடியதே' என்ற பேச்சை நான் எத்தனை ஆபீஸில் எத்தனை மேஜையில் கேட்டிருக்கிறேன்! ஏழு வருஷம் விபத்து இல்லாமல் ஓடியது என்றால் ஏழு வருஷம் ஊழியர்கள் தவறவில்லை என்று அர்த்தம். தொட்டி பத்திரமானது என்று அர்த்தம் அல்ல.

ஆனால் மெலிந்த பாத்திரம் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், தீரவில்லை. இங்கேதான் என் கருத்து சில அறிஞர்களின் கருத்தோடு ஒத்துப்போவதில்லை. அவர்கள் 'பத்திரமான பாத்திரம் கொடுத்தோம், ஊழியர்தான் அதை மீறினார்' என்று முடித்துவிடுகிறார்கள்.

1964 ஜூலை 24, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வுட் ரிவர் ஜங்ஷன் என்ற இடத்தில் இருந்த யுரேனியம் மீட்புக் கூடம். யுரேனியமானாலும் தத்துவம் ஒன்றே. அங்கே கரைசல்களை வைத்தது 5 அங்குல விட்டமுள்ள 11 லிட்டர் குடுவைகளில். மிகவும் பத்திரமான வடிவம். யுரேனியம் கொஞ்சமே கலந்த ஒரு திரவத்தைச் சோடாக் கரைசலால் அலசி எடுக்கும் வேலை இருந்தது. குடுவையில் ஊற்றிக் கையால் குலுக்க வேண்டும். குடுவை குடுவையாக, நாள் முழுக்கக் குலுக்கிப் பாருங்கள், தோள்பட்டை என்ன ஆகும் என்று! அதே கூடத்தில் 18 அங்குல விட்டத்தில் ஒரு தொட்டி, மோட்டார் கலக்கியோடு நின்றது. சோடாக் கரைசல் தயாரிக்க வைத்த தொட்டி அது. குலுக்கிக் களைத்தவர்கள் அதில் ஊற்றிக் கலக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த குடுவைகளில் செறிவான யுரேனியம் கரைசல் இருந்த குடுவையை எடுத்து ஊற்றிவிட்டார் ஓர் ஊழியர். இரண்டு நாளில் மரணம்.

1999 செப்டம்பர் 30, ஜப்பானில் டோகாய்முரா. ஜே.சி.ஓ. என்ற கம்பெனி. ஒரு சோதனை வேக ஈனுலைக்காக 18.8 சதவீதம் செறிவூட்டிய யுரேனியத்தைக் கரைத்துக் கொடுக்கும் வேலை. உரிமம் பெற்ற முறைப்படி மெலிந்த உயரமான தூண் போன்ற பாத்திரங்களில்தான் செய்ய வேண்டும். கம்பெனி காலப்போக்கில் தன் கையேட்டையே மாற்றி எவர்சில்வர் வாளியில் கரைக்க அனுமதித்திருந்தது. அன்று அதையும் தாண்டி, கரைத்த திரவத்தை 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீழ்படிவுத் தொட்டியில் ஊற்றினார்கள். ஒரு தடவைக்கு 2.4 கிலோ என்பது எல்லை. ஏழாவது வாளியோடு உள்ளே 16 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. நீல ஒளி. சங்கிலி நிற்காமல் ஏறக்குறைய 20 மணி நேரம் விட்டு விட்டு ஓடியது. தொட்டியைச் சுற்றியிருந்த குளிர்நீர் உறையை வடித்த பிறகுதான் நின்றது, அந்தத் தண்ணீரே நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததால். 10 கிலோமீட்டர் சுற்றளவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். ஊற்றியவர்களில் ஒருவர் 83 நாள் கழித்தும், இன்னொருவர் அடுத்த வருஷம் ஏப்ரலிலும் இறந்தார்கள்.

அவர்கள் ஏன் அந்தத் தொட்டிக்குப் போனார்கள்? எல்லோரும் 'விதியை மீறினார்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மெலிந்த தூணின் வடிகுழாய் தரையை ஒட்டி இருந்தது. அதிலிருந்து சின்னக் கலன்களில் பிடிப்பது பெரும் தொல்லை. வீழ்படிவுத் தொட்டியிலோ கலக்கி இருந்தது, திறந்து மூடவும் சௌகரியம். அந்த ஆட்களுக்கு மாறுநிலை என்றால் என்ன என்று சரியாகச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நான் அங்கே வேலை பார்த்திருந்தால் எனக்கும் அந்தத் தூணின் மேல் எரிச்சல்தான் வந்திருக்கும். வடிகுழாயை இடுப்பு உயரத்தில் வைத்திருந்தால் அன்றைய தினம் வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்பது என் துணிபு.

இது வெறும் ஊகம் அல்ல, அனுபவமும் உண்டு. ஒரு லெவல் கிராசிங்கில் கேட் சாவிப் பெட்டியைப் பாதைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இடம் வேண்டாம், இலாகா அதிகாரி பெயரும் வேண்டாம். ஒவ்வொரு வண்டிக்கும் கேட்மேன் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்ப் பூட்டி, சாவியோடு திரும்பி வர வேண்டும். மழையிலும் இரவிலும் இருபது தடவை. அவர் போலிச் சாவி ஒன்று செய்துகொண்டார். கண்டுபிடித்து சஸ்பெண்ட் செய்தார்கள். அடுத்து வந்தவரும் செய்துகொண்டார். பிறகு பெட்டியை இந்தப் பக்கம் மாற்றினோம், செலவு அதிகம் இல்லை. அதன்பின் யாருக்கும் போலிச் சாவி தேவைப்படவில்லை. பத்திரமான கருவி என்பதில் 'கையாளச் சௌகரியமான' என்பதும் அடக்கம். அசௌகரியமான பத்திரத்தை மனிதன் எப்படியும் சுற்றிக்கொண்டு போய்விடுவான். அதுவும் பக்கத்திலேயே அகன்ற தொட்டி ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றால் சொல்லவே வேண்டாம். புளூட்டோனியம் புழங்கும் அறையில், எந்தக் காரணத்துக்காகவும், சோடாக் கரைசலுக்காகவோ தரை துடைக்கவோகூட, அகன்ற பாத்திரம் இருக்கக் கூடாது.

ஆளின் பங்கே இல்லாத விபத்தும் ஒன்று உண்டு. பிரிட்டனில் விண்ட்ஸ்கேல், 1970 ஆகஸ்ட் 24. புளூட்டோனியம் மீட்கும் கூடத்தில் திரவம் திரும்பி வந்து மற்றப் பாத்திரங்களை அசுத்தப்படுத்தக் கூடாது என்று குழாயில் ஒரு நீண்ட வளைவு வைத்திருந்தார்கள். நம் வீட்டு வாஷ்பேசினுக்குக் கீழே இருக்குமே, அந்த மாதிரி வளைவுதான், ஆனால் 25 அடி ஆழம். எங்கிருந்தோ கசிந்து வந்த 40 லிட்டர் கரைப்பான் அந்த வளைவால் மேலே உள்ள தொட்டியிலேயே தங்கிவிட்டது. அதன் வழியாகப் போன ஒவ்வொரு திரவத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் புளூட்டோனியத்தை உறிஞ்சியது. கடைசியில் 2 கிலோவுக்கு மேல் சேர்ந்து சில நொடிகள் சங்கிலி ஓடியது. நல்லவேளை, யாருக்கும் பெரிய பாதிப்பு இல்லை. பத்திரத்துக்கென்று வைத்த வளைவே பொறியாயிற்று. இந்த மாதிரி விஷயம் மேஜையில் வரைபடத்தைப் பார்த்துத் தெரியாது. பழைய ஆள் ஒருவர் 'கரைப்பான் வந்தால் எங்கே நிற்கும்?' என்று கேட்க வேண்டும்.

இளைஞர்கள் சொல்லக் கூடும்: 'அங்கிள், அதெல்லாம் பழைய காலம். இப்போது சென்சார் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது.' இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸைப் பற்றி நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நம்மில் யார் அதில் ஊருக்குப் போகவில்லை? 2023 ஜூன் 2 அன்று பாஹாநாகா பஜாரில் சிக்னல் நேர்ப்பாதைக்குப் பச்சை காட்டியது, பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் போனார்கள். எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் இருந்த ஸ்டேஷன்தான் அது. லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையில் ஒயரிங்கில் நேர்ந்த கோளாறு என்றும், அதற்கு முன்பே செய்த ஒயரிங் மாற்றத்திலும் குறை இருந்தது என்றும் பாதுகாப்பு ஆணையர் அறிக்கை சொல்லியது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2022 மே 16-இல், நம் கரக்பூர் டிவிஷனிலேயே பாங்ரா நயாபாஜில் இதே மாதிரி தவறான ஒயரிங் சம்பவம் நடந்திருந்தது என்பதையும் அவர் எடுத்துக் காட்டியிருந்தார். ஒயரை மாற்றிவிட முடியும், சாப்ட்வேரையும் மாற்றிவிட முடியும். குழாயின் விட்டத்தை ஒரு ராத்திரி ஷிப்டில் யாரும் மாற்றிவிட முடியாது. ஆகவே முதலில் வடிவம், அதற்குமேல் சென்சார். இந்த வரிசை மாறக் கூடாது.

அணுத்துறையில் 'இரட்டைத் தற்செயல்' என்று ஒரு கோட்பாடு உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத, அபூர்வமான இரண்டு கோளாறுகள் ஒரே சமயத்தில் நேர்ந்தால் ஒழிய விபத்து வரக் கூடாது என்பது அதன் சாரம். அருமையான கோட்பாடு. ஆனால் இரண்டு கோளாறும் ஒரே களைத்த மனிதனின் கையில் இருந்தால் அது இரட்டை அல்ல, ஒற்றைதான். 'ஊழியர் ஒருவர் எடை பார்ப்பார், அதே ஊழியர் லேபிளும் பார்ப்பார்' என்று எழுதிவிட்டு இரண்டு தடுப்பு என்று கணக்குக் காட்டுவது காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

எல்லா இடத்திலும் வடிவத்தால் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. உலோகத் துண்டுகளைக் கையாளும் இடத்தில் மனிதரின் ஒழுங்கு வேண்டியே இருக்கிறது. அதே லாஸ் அலமாஸில், 1958-இல் பாடம் படித்த அதே இடத்தில், 2011 ஆகஸ்டில் புகைப்படம் எடுப்பதற்காக எட்டுப் புளூட்டோனியக் கம்பிகளை மேஜையில் பக்கம் பக்கமாக அடுக்கினார்கள். பார்த்துவிட்ட மேற்பார்வையாளர் எல்லோரையும் வெளியே அனுப்பாமல், கையாலேயே பிரித்து வைக்கச் சொன்னார். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். கையை நீட்டுவதே நியூட்ரானைத் திருப்பி அனுப்பும் காரியம். ஒன்றும் நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். பிற்பாடு 2013-இல் அந்தக் கூடத்தின் முக்கிய வேலைகள் நிறுத்தப்பட்டு, முழுவதும் சீராக வருஷக்கணக்கில் ஆயிற்று. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சியை முதல் வேலியாக வைக்காதீர்கள், கடைசி வேலியாக வையுங்கள் என்கிறேன்.

மெலிந்த பாத்திரத்தால் செலவு கூடும், ஒரு தொட்டிக்குப் பதில் இருபது குழாய், இருபது வால்வு, இருபது இணைப்பு, கசியும் இடமும் அத்தனை, கழுவுவதும் சிரமம் என்பார்கள். எல்லாம் சரிதான். ரயில்வேயில் இன்டர்லாக்கிங் வந்தபோதும் கம்பெனிகள் இதே கணக்கைத்தான் காட்டின.

டோகாய்முரா வழக்கில் 2003 மார்ச்சில் மிட்டோ நகர நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது. கம்பெனிக்குப் பத்து லட்சம் யென் அபராதம். ஆறு பேருக்குத் தண்டனை, நிறுத்தி வைக்கப்பட்டது. ஆலைத் தலைவரும் அதில் உண்டு. அன்று அந்த இரண்டு பேரோடு வேலை செய்து, தானும் கதிர்வீச்சு வாங்கி, உயிர் தப்பிய மூன்றாவது ஊழியரும் அந்த ஆறு பேரில் ஒருவர். கம்பெனியை விட்டுவிடாமல் மேலிருந்தவர்களையும் கூண்டில் ஏற்றியது நல்லதே. ஆனால் அந்த அறையில் இப்படியொரு விபத்துக்கு இடமே இல்லை என்ற நினைப்பில் உரிமம் கொடுத்தவர்களும், வடிகுழாயைத் தரையோடு வைத்து வரைந்தவர்களும் அந்தக் கூண்டில் இல்லை.

கல்பாக்கம் போன்ற இடங்களில் புதுக் கூடங்கள் கட்டும் காலம் இது. அங்கே வரைபடம் கையெழுத்தாகும் முன்பு, அந்தப் பாத்திரத்தை நாளைக்குக் கழுவப் போகிறவர், வால்வைத் திருப்பப் போகிறவர், இரவு ஷிப்டில் தனியாக நிற்கப் போகிறவர் ஒருவரையாவது மேஜைக்கு அழைத்து, 'இதில் உனக்கு எது தொல்லை?' என்று கேட்க வேண்டும். பி.எச்டி. வாங்கியவர்கள் நடுவில் டிப்ளமோக்காரன் பேசத் தயங்குவான், அது எனக்கு நன்றாகத் தெரியும். கேட்கிறவர் இரண்டு முறை கேட்க வேண்டும். அவன் சொல்வதைக் குறித்துக்கொண்டு, எந்தக் குழாயை எத்தனை அங்குலம் உயர்த்தினார்கள் என்பதையும் அதே கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.